மலையேறுவோரும் மலைக்குப் போவோரும்

மலையகத் தோட்டங்களில் வழங்கும் தமிழில் 'மலை' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. காலையில் பெரட்டு முடிந்து, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு புறப்படும் பெண்ணை எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "மலைக்கு" என்பார். கொழுந்து பறிக்கும் தேயிலைப் பரப்பையே அச்சொல் அங்கே குறிக்கின்றது. மலைகளுக்கு எண் உண்டு. எந்த மலையில் வேலை, எந்த நிரை யாருக்கு என்பதைக் கங்காணி சொல்லுவார். ஹற்றனையும் நுவரெலியாவையும் சூழ்ந்த அதே மலைத்தொடர்களுக்கு நகரங்களிலிருந்தும் கடல் கடந்தும் வேறொரு கூட்டத்தார் வருகின்றனர். அவர்கள் மலையேற வருகின்றனர். ஏறுவது ஒரே சரிவுதான்; நனைப்பது ஒரே மழைதான்; கடிப்பதும் ஒரே அட்டைதான். ஆயினும் மலையேறுவோரின் நடையிலிருந்து ஓர் இலக்கியமும், மலைக்குப் போவோரின் நடையிலிருந்து மற்றோர் இலக்கியமும் பிறந்துள்ளன. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்து வந்திருக்கின்றன. இந்த அறியாமையால் இரண்டும் குறைப்பட்டன என்பதும், அக்குறைக்கான விலையை மலையகத்தின் காடும் மக்களும் சேர்ந்தே செலுத்துகின்றனர் என்பதும் நமது கருத்து.

2023ஆம் ஆண்டு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வாண்டில் 'பெக்கோ நடைவழி' என்ற நெடும்பாதை உல்லாசப் பயணிகளுக்காகத் திறக்கப்பட்டது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹற்றன், ஹப்புத்தளை, எல்ல ஆகிய பகுதிகளைச் சுற்றி நுவரெலியாவில் முடியும் இப்பாதை 22 பகுதிகளைக் கொண்டது. 300 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. பிரித்தானியர் காலத்தில் தேயிலையைக் கொண்டுசெல்ல வெட்டப்பட்ட தோட்டப் பாதைகளே அதன் பெரும்பகுதி. அதே ஆண்டு ஜூலை இறுதியில் மற்றொரு நடை தலைமன்னாரில் தொடங்கியது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, அவர்களுடைய மூதாதையர் காடுகளினூடே நடந்துவந்த வழியில் மாத்தளை வரை சென்று ஆகஸ்ட் மாதத்தில் அது நிறைவுற்றது. முதல் நடையினர் இயற்கையின் அழகைத் தேடினர். இரண்டாம் நடையினர் நிலம், வீடு, கூலி, சமத்துவமான குடியுரிமை ஆகியவற்றைக் கோரினர். ஒன்றைப் பற்றி எழுதியோர் மற்றதைப் பற்றி எழுதியது அரிது. ஒரு மலைநாட்டின் இரு நடைகள் இவ்வளவு தூரம் விலகி நிற்பது எதனால்?

காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். மலைநாட்டின் காட்டுநடை எழுத்துக்கு மூலவர்களுள் ஒருவர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை அமைத்த இவ்வாங்கிலேயர், 1854இலும் 1855இலும் இலங்கை வாழ்வைப் பற்றி இரு நூல்களை வெளியிட்டார். குளிர்ந்த காற்று, மூடுபனி, ஓடைகள், பின்னாளில் தேசிய பூங்காவான ஹோர்ட்டன் சமவெளியின் புற்பரப்பு ஆகியவற்றை அவர் உயிர்ப்போடு எழுதினார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பார்வை வேட்டைத் துப்பாக்கிக்குப் பின்னாலிருந்து பார்த்த பார்வை. நாய்களை ஏவி மரைகளைக் கொன்றதையும், மலையின் எழிலில் மனம் தோய்ந்ததையும் அவர் ஒரே மகிழ்ச்சியோடு சொல்கிறார். தொழிலாளரோ சுமை தூக்கும் கூட்டமாகவும் காடு வெட்டும் கூட்டமாகவுமே பெரும்பாலும் தோன்றி மறைகின்றனர். மனிதர் இல்லாத மலை என்ற கற்பனை இங்கே கருக்கொள்கிறது. இன்றைய பயணக்குறிப்பு எழுதுவோரின் கையில் துப்பாக்கி இல்லை. அவர்களுட் பலர் விலங்குகள்மீது உண்மையான அன்புடையோர். எனினும் அக்கற்பனையை அவர்களும் விட்டாரில்லை. அவர்களுடைய பக்கங்களில் தேயிலை 'பச்சைக் கம்பளம்'. கொழுந்து பறிக்கும் பெண் அக்கம்பளத்தில் ஒரு வண்ணப்புள்ளி. 

அக்கம்பளம் விரிக்கப்பட்ட வரலாறு என்ன? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் ஆங்கில முடிக்கே உரியவை என்று கொண்டது. ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங்குக்குக் கூட விற்கப்பட்டது. சேனைப் பயிர் செய்தும் காட்டில் மாடு மேய்த்தும் வந்த கண்டிச் சிங்கள விவசாயியின் வழக்காற்று உரிமை அதனால் நலிந்தது. காடு வெட்டித் தீயிடப்பட்டது, கோப்பி நடப்பட்டது. அதற்குரிய உழைப்பைத் தமிழகத்தின் வறண்ட கிராமங்கள் கொடுத்தன. 1869இல் கோப்பியில் இலைநோய் தோன்றிச் சில பத்தாண்டுகளில் அப்பயிரை ஒழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்து, மேலும் உயரமான சரிவுகளுக்கு ஏறியது. இவ்வேற்றத்தைத் தடுக்கக் குரல் கொடுத்தவரும் ஏகாதிபத்தியத்தின் விஞ்ஞானியே என்பதை நாம் குறிப்பிட வேண்டும். கியூ தாவரத் தோட்டத்தின் தலைவரான ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாதென 1873இல் அறிவுறுத்தினார். உச்சிக் காடுகளில் ஒரு பகுதி இன்றும் எஞ்சியிருப்பதில் அவ்வறிவுரைக்குப் பங்குண்டு. காட்டை அழித்ததும் எஞ்சியதைக் காத்ததும் ஒரே அரசின் இரு கைகள். அவ்விரு கைகளுமே அங்கு வாழ்ந்தோரைக் கலந்துகொள்ளவில்லை. இன்றைய பேணுகை எழுத்து இந்த இரண்டாம் கையின் வாரிசாகத் தன்னை எண்ணிக்கொண்டு, முதலாம் கையை மறந்துவிடுகிறது.

மனிதரை நீக்கித்தான் மலையின் அழகைப் பாட வேண்டுமா? நமது மரபு அவ்வாறு சொல்லவில்லை. மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்வோம். நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்பட்ட வேறொரு கூத்தனுக்கு மலைவழி கூறுவதாக அமைந்தது அந்நூல். நடைவழி நூல் என்றே அதனைச் சொல்லலாம். வழுக்கும் பாறை எது, பாம்பு உறையும் குழி எது, தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்காக வைத்த கற்பொறி எங்கே, யானையை விரட்டப் புனங்காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்க வேண்டும் என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. அதே மூச்சில், எந்தச் சிற்றூரில் யார் உங்களை வரவேற்று என்ன உணவு தருவர் என்றும் கூறுகிறது. அருவியின் ஒலியும் உழைப்போரின் ஒலியும் அங்கே ஒன்றாகக் கலந்து கேட்கின்றன. விலங்குக்கும் பயிருக்கும் உள்ள பகையை அப்புலவர் மறைக்கவில்லை. அதனால் மலையின் எழில் குன்றவும் இல்லை. மன்னனைப் புகழும் நூல்தான் அது. அதன் எல்லைகளை நாம் அறிவோம். எனினும் மலையை மக்கள் வாழும் இடமாகக் கண்ட கண் அதற்கு உண்டு. இன்றைய வழிகாட்டி நூல்கள் பல இழந்துவிட்ட கண் அது.

இனி, மலைக்குப் போவோரின் இலக்கியத்தை நோக்குவோம். 1935இல் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் தோட்ட வாழ்வைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தார். மடக்கும்புரையில் பிறந்து, தொழிற்சங்கவாதியாகவும் 1947இல் தெரிவான பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளை, ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையால் தோட்டத் தொழிலாளியின் குரலை வெளியுலகம் கேட்கச் செய்தார். மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டியும் தந்தார். கோகிலம் சுப்பையாவின் நாவல் 1964இல் வெளிவந்தது. 'தூரத்துப் பச்சை' என்ற அதன் தலைப்பே ஒரு விமர்சனமாகும். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கே அது பச்சை என்று அத்தலைப்பு சொல்லாமற் சொல்கிறது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', கூடையின் எடையோடு ஒரு பெண்ணின் மானம் பிணைந்திருப்பதைக் காட்டியது. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' லயத்து வாழ்வை உள்ளிருந்து விரித்தது. இவர்கள் இல்லையேல், தேயிலையின் பச்சைக்குள் இருக்கும் மனிதரைத் தமிழுலகம் அறிந்திராது. இப்பணியின் பெருமையை எவ்வளவு சொன்னாலும் தகும்.

ஆயினும் விமர்சனத்தின் கடமை புகழ்வதோடு முடிவதில்லை. இவ்விலக்கியத்தில் தேயிலை உண்டு, லயம் உண்டு, பனியும் மழையும் உண்டு, காடு எங்கே? காடு வருமிடங்களில் அது பெரும்பாலும் மூதாதையர் மாண்ட வழியாகவோ, விறகுக்குச் செல்லும் எல்லையாகவோ, அச்சத்தின் உறைவிடமாகவோ வருகிறது. அக்காட்டுக்குத் தனக்கென ஓர் உயிர் உண்டு. அதன் சோலையிலிருந்துதான் தோட்டத்துப் பீலித்தண்ணீர் வருகிறது. அதன் மரங்களுக்கும் பறவைகளுக்கும் லயத்துக் கிழவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பவை எழுத்தில் போதிய இடம் பெறவில்லை. இதற்கு எழுத்தாளரை மட்டும் குறை கூறுதல் நீதியன்று. கொள்ளைநோயாலும் காய்ச்சலாலும் வழிநெடுக உற்றாரைப் புதைத்துக்கொண்டு வந்த சமூகத்துக்குக் காடு இனிக்குமா? 1948ஆம் ஆண்டின் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. நாடற்றோராக எஞ்சியிருந்தோருக்கான சட்டம் நிறைவேற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாளை இங்கே இருப்போமா என்று அறியாதவர், இம்மலையின் மரம் என்னுடையது என்று எவ்வாறு எழுதுவார்?

காரணம் இருப்பதால் குறை இல்லையாகிவிடாது. முற்போக்கு விமர்சகரான நமக்கும் இதில் பங்குண்டு. இயற்கை வருணனை என்றதும் அதனை மத்தியதர வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் இருந்தது. பசித்தவனுக்குப் பறவையின் பெயர் எதற்கு என்று கேட்டோம். பசித்தவர் வாழும் சரிவு எதனால் நிற்கிறது, எதனால் சரிகிறது என்று நாம் கேட்கவில்லை.

இரு இலக்கியங்களும் கைவிட்ட இடத்தில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே நினைவுகூர்வோம். சிவனொளிபாத மலைக்கு ஹற்றன் வழியாக ஏறுவோர் நல்லதண்ணியிலிருந்து நடையைத் தொடங்குவர். பல மதத்தவரும் ஏறும் அம்மலையில், டிசம்பர் முதல் மே வரையான பருவத்தில், துரையும் தொழிலாளியும் ஒரே படியில் மூச்சிரைக்கின்றனர். அதனைச் சூழ்ந்த காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் காடு ஆகிய மூன்றும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன. இந்த நல்லதண்ணிப் பகுதியின் தோட்டமொன்றில், 2020 மே மாத இறுதியில், மரக்கறிப் பாத்தியருகே விலங்குக்கு வைத்திருந்த கம்பிக் கண்ணியில் கருஞ்சிறுத்தை ஒன்று அகப்பட்டது. இலங்கையில் மிக அரிதாகவே காணப்படும் அவ்விலங்கு உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சில நாட்களில் இறந்தது. நாடெங்கும் துயரம் எழுந்தது. அத்துயரம் நியாயமானதே. கண்ணி கொடியது, அது பன்றியென்றும் சிறுத்தையென்றும் பார்ப்பதில்லை. கண்ணி வைப்பவர் ஏழையாயினும் அச்செயலை நாம் நியாயப்படுத்தமாட்டோம்.

ஆனால் அன்று எழுதப்பட்டவற்றுட் பல, கண்ணியோடு நின்றுவிட்டன. தோட்டக் கூலியால் மாதம் ஓடாத குடும்பம் லயத்தருகே ஒரு துண்டு நிலத்தில் மரக்கறி போடுகிறது. அத்துண்டுக்கு உறுதிப்பத்திரம் இல்லை. வேலி கட்ட வசதி இல்லை. பன்றி ஒரே இரவில் அழித்தால் இழப்பீடு என்ற பேச்சே எழுவதில்லை. தேயிலை மேலேறியதால் காடு துண்டு துண்டாகி, சிறுத்தையும் தேயிலை நிரைகளினூடேதான் ஒரு காட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் சிறுத்தையால் காயமுறுவதும், குளவிக் கொட்டுக்கு ஆளாவதும் மலையகத்தில் புதிய செய்திகளல்ல. இடம் குறுகியதால் மோதும் இரு உயிர்களுள் ஒன்றை மட்டும் காணும் எழுத்து, எவ்வளவு இரக்கம் உடையதாயினும், பாதி உண்மையே.

இங்கே இரு தடைகள் எழுப்பப்படலாம். "முதலில் கூலியும் காணியும் கிடைக்கட்டும், காட்டைப் பற்றிப் பின்னர் பேசலாம்" என்று நமது தோழர்களே சொல்லக்கூடும். அவர்களுக்கு எங்கெல்சை நினைவூட்டுவோம். இயற்கையை வென்றோமென்று செருக்குறலாகாதென எச்சரித்து 1876இல் அவர் எழுதிய கட்டுரையில், கியூபாவின் மலைச்சரிவுக் காடுகளை எரித்துக் கோப்பி பயிரிட்ட ஸ்பானியத் தோட்டக்காரரைச் சுட்டுகிறார். சாம்பல் ஒரு தலைமுறைக் கோப்பிக்கு உரமாயிற்று. பின்னர் வந்த பெருமழை மண்ணை அடித்துச்சென்று பாறையை எஞ்சவிட்டது என்கிறார். இது நமது மலைநாட்டின் கதையுமன்றோ? 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தையின் மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடமென்று முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின் பெருமழை கொட்டியபோது மலையகம் மீண்டும் சரிந்தது. அளவு மீறிய மழை எந்தச் சரிவையும் உடைக்கக்கூடும் என்பது உண்மை. ஆயினும், வேர்கள் பிணைத்த மண்ணுக்கும் வெட்டித் திறந்த மண்ணுக்கும் வேறுபாடு உண்டு. பாதுகாப்பான நிலத்தில் சொந்த வீடு உடையவருக்கும், கம்பனி காட்டிய சரிவில் லயத்தில் இருப்பவருக்கும் வேறுபாடு உண்டு. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு ஹோர்ட்டன் சமவெளியின் ஈரக்காடு நீர் ஊட்டுகிறது. அக்காட்டின் மரங்கள் பட்டுப்போகும் நோயைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். காடு போனால் முதலில் வற்றுவது தோட்டத்துப் பீலி. முதலில் சரிவது லயத்தின் மேட்டுப்புறம். காணி கேட்பதும் காடு கேட்பதும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள் என்பதை இனியும் காணாதிருத்தல் தகாது.

மற்றொரு தடை இயற்கை ஆர்வலரிடமிருந்து வரும். "தொழிலாளருக்குக் காணி கொடுத்தால் காட்டுக்குள் வேலி நகரும்" என்பர். உலக அனுபவம் வேறு பாடம் தருகிறது. பிரேசிலின் ஆக்கிரி மாநிலத்தில் இறப்பர்ப் பால் எடுக்கும் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய சிக்கோ மென்டிஸ், காட்டை வெட்டிய பண்ணை முதலாளிகளை எதிர்த்து நின்று 1988இல் கொல்லப்பட்டார். அவருடைய இயக்கத்தின் விளைவாக, காட்டை அழிக்காமல் அதன் பயனைத் தொழிலாளர் அனுபவிக்கும் ஒதுக்கங்கள் சட்டபூர்வமாயின. 1973இல் இமயமலைச் சரிவில் மரங்களைக் காக்க எழுந்த சிப்கோ இயக்கத்தின் முன்னணியில் விறகும் நீரும் சுமந்த கிராமப் பெண்கள் நின்றனர். உரிமை உடையவரே காவலராகின்றார். மலையகத் தொழிலாளி இன்றுவரை காட்டின் எல்லையில் கூலியாளாக மட்டுமே நிறுத்தப்பட்டிருக்கிறார். தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இரு மாற்றங்களிலும் நிலம் உழைப்பவர் கைக்கு வரவில்லை. காவற்பொறுப்பை அவரிடம் கொடுத்துப் பார்க்காமலே அவர் காப்பாற்றமாட்டார் என்று தீர்ப்புச் சொல்வது எவ்வகை நியாயம்?

அவ்வாறாயின் நமது எழுத்துக்கு உரிய பணி யாது? மலையேறுவோர் நடக்கட்டும், நடையை நாம் பழிக்கவில்லை. வாகனத்தை விட்டிறங்கிக் காலால் மலையை அறிபவர் நமக்கு அந்நியரல்லர். தாம் மிதிக்கும் பாதையை வெட்டியவர் யார், அப்பாதையோரத்துக் குடும்பத்தின் நாட்கூலி எவ்வளவு, பயணியின் பணத்தில் அதற்கு என்ன பங்கு என்பவற்றையும் அவர்கள் குறிப்பேட்டில் எழுதட்டும். மலையகத்து இளம் எழுத்தாளரிடம் நாம் இன்னும் பெரியதைக் கேட்கிறோம். லயத்தின் பின்புறத்திலிருந்து காட்டின் விளிம்பு வரை அவர்கள் நடக்க வேண்டும். தம் பாட்டிமார் அறிந்த மரங்களின் பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும். எந்த ஓடை எந்த ஆண்டில் வற்றியது என்று முதியவரைக் கேட்டறிய வேண்டும். இது துயரத்தை மறந்து இயற்கையில் இளைப்பாறும் எழுத்தாகாது. இருநூறு ஆண்டுகளாகத் தம் உழைப்பு தோய்ந்த மலைமீது உரிமை கோரும் எழுத்தாகும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். தோட்டப் பாடசாலை மாணவருட் பலர் ஹோர்ட்டன் சமவெளியைப் பாடநூலின் படத்தில் கண்டிருப்பர்; நேரில் கண்டவர் எத்தனை பேர்? அங்கே ஊற்றெடுக்கும் நீர் எவ்வழியே கீழிறங்குகிறது என்பதை ஒருநாள் நடந்து அவர்களுக்குக் காட்டுங்கள். அந்த நடையைப் பற்றி அவர்கள் எழுதும் கட்டுரைகளில் காடும் இருக்கும்; மலைக்குப் போகும் தாயும் இருப்பாள். இரண்டாகப் பிரிந்து கிடக்கும் நமது மலை இலக்கியம் ஒன்றாவதற்கு அக்கட்டுரைகள் தொடக்கமாகட்டும்.